போகவும் ஆசை, இருக்கவும் ஆசை

பள்ளியில் கடைசித் தேர்வு எழுதி முடித்த நாளை நினைத்துப் பாருங்கள். மணி அடித்ததும் ஓவென்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வருகிறோம். வாசலைத் தாண்டும்போது ஏனோ திரும்பிப் பார்க்கிறோம். தொண்டையில் ஏதோ அடைக்கிறது. மகிழ்ச்சியா, வருத்தமா? இரண்டில் எது உண்மை?

இந்தக் கேள்வியை என்னிடம் ஒரு மாணவி கேட்டாள். அவள் வேதாரண்யம் பக்கத்துப் பெண். உப்பளமும் கடலும் பார்த்து வளர்ந்தவள். மலை என்பதையே திருப்பத்தூருக்கு இளநிலை இயற்பியல் படிக்க வந்த பிறகுதான் முதன்முதலாகப் பார்த்தாள். மூன்று ஆண்டுகளில் ஏலகிரியும் சவ்வாது மலையும் அவளுக்குச் சொந்த ஊர் போல ஆகிவிட்டன. இறுதி ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எங்கள் வகுப்பைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துச் சென்றோம். இரவு மலையிலிருந்து இறங்கி, ஆலங்காயத்தில் தேநீருக்காக வண்டியை நிறுத்தினோம். ஆலங்காயம் நான் பிறந்து வளர்ந்த ஊர். அங்கேதான் அவள் மெல்ல வந்து கேட்டாள்.

"சார், முதுநிலை படிக்க டெல்லியில் இடம் கிடைத்திருக்கிறது. போக ரொம்ப ஆசை. ஆனால் இந்த ஊரை விட்டுப் போகணும் என்று நினைத்தாலே அழுகை வருகிறது. அழுகை வருகிறது என்றால் நான் எடுத்த முடிவு தப்பா, சார்? வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. இடத்தை ஏற்பதாகத் தெரிவிக்க அவளுக்கு இன்னும் நான்கு நாட்களே இருந்தன. அன்று தேநீர்க் கடையில் நான் சொன்னதையும், அப்போது சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களும் ஒரு நாள் ஓர் ஊரை விட்டுப் புறப்படப் போகிறவர்கள்தாமே!

வெந்நீரும் தண்ணீரும்

ஒரு வாளி வெந்நீரில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? வெதுவெதுப்பான நீர் கிடைக்கும். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. மகிழ்ச்சியும் வருத்தமும் இப்படித்தான் என்று நெடுங்காலம் பலர் எண்ணினார்கள். மனத்தில் ஒரு வெப்பமானி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதரசம் மேலே ஏறினால் மகிழ்ச்சி, கீழே இறங்கினால் வருத்தம். ஒரே குழாயில் பாதரசம் ஒரே சமயத்தில் மேலேயும் கீழேயும் இருக்க முடியாதல்லவா? ஆகவே இரண்டும் ஒன்றாக வர முடியாது என்பது அவர்கள் வாதம்.

2001ஆம் ஆண்டில் லார்சன், மெக்ரா, கேசியோப்போ என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். யாரை வைத்துத் தெரியுமா? கல்லூரி மாணவர்களை வைத்துத்தான். விடுதியைக் காலி செய்துகொண்டு புறப்படும் நாளில் சிலரிடமும், பட்டமளிப்பு நாளில் சிலரிடமும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். "இப்போது மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்பது ஒரு கேள்வி. "இப்போது வருத்தமாக இருக்கிறீர்களா?" என்பது தனியாக இன்னொரு கேள்வி. சாதாரண நாட்களில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றுக்கே "ஆம்" என்றார்கள். பிரிவு நாளிலோ இரண்டுக்கும் "ஆம்" என்றவர்கள் மிகுதியாக இருந்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள வெப்பமானியை மறந்துவிட்டு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடையச்சில் மகிழ்ச்சி, நெடுக்கச்சில் வருத்தம் என்று குறியுங்கள். வழக்கமான நாளில் உங்கள் மனநிலையைக் காட்டும் புள்ளி ஏதாவது ஓர் அச்சை ஒட்டியே நிற்கும். பிரிவு நாளில் அது இரண்டு அச்சுகளையும் விட்டு விலகி, மேலே வலப்புற மூலைக்குப் போய்விடுகிறது. ஒன்றை ஒன்று அழிக்கவில்லை, வெதுவெதுப்பாகவும் ஆகவில்லை. இரண்டும் முழு அளவில் அப்படியே இருக்கின்றன.

ஆகவே அழுகை வருவதால் மட்டும் போகும் முடிவு தவறு என்று ஆகிவிடாது. நெடுக்கச்சின் அளவைப் பார்த்துக் கிடையச்சின் அளவைச் சொல்ல முடியாது. அவளுக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான்.

மூளைக்குள் ஓர் ஊர்

சரி, ஓர் ஊரை விட்டுப் போவதற்கு ஏன் வருத்தப்பட வேண்டும்? மண்ணும் கல்லும் கட்டடமும் எல்லா ஊரிலும்தானே உள்ளன?

நம் மூளையில் இரு பக்கமும், காதுகளுக்கு நேர் உள்ளே, ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. கடற்குதிரையைப் போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். 1971இல் ஜான் ஓ'கீஃப் என்ற அறிஞர், எலிகளின் மூளையில் மெல்லிய மின்வாய்களைப் பொருத்தி இந்தப் பகுதியைக் கவனித்தார். எலி அறையின் ஒரு மூலைக்குப் போனால் ஒரு செல் மின் துடிப்புகளை எழுப்பியது. வேறு மூலைக்குப் போனால் அது அடங்கி, இன்னொரு செல் துடித்தது. ஒவ்வோர் இடத்துக்கும் குறிப்பிட்ட சில செல்கள்! 'இட செல்கள்' என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள். 2005இல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரின் ஆய்வுக் குழு, அடுத்துள்ள பகுதியில் வேறு வகைச் செல்களைக் கண்டது. அவை தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அளப்பது போல வேலை செய்தன. இந்த மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதருக்கும் இது பொருந்துமா? லண்டன் வாடகைக் கார் ஓட்டுநர்கள் உரிமம் பெறுவதற்குச் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் பதிய வைக்க வேண்டும். அவர்களுடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை 2000ஆம் ஆண்டில் எலினோர் மக்வயரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தார்கள்.

இதே பகுதிதான் புதிய நினைவுகளைச் சேர்த்து வைப்பதற்கும் உதவுகிறது. எனவே இடமும் நிகழ்ச்சியும் பின்னிப் பிணைந்தே பதிகின்றன. விடுதிப் படிக்கட்டு என்றால் வெறும் படிக்கட்டாக நினைவுக்கு வருவதில்லை. அங்கே உட்கார்ந்து பகிர்ந்து தின்ற சீத்தாப்பழமும், தேர்வுக்கு முந்தின நாள் தோழி சொல்லிக் கொடுத்த கணக்கும் கூடவே வருகின்றன. வாசனைக்கு இன்னும் ஒரு சலுகை உண்டு. கண், காதுகளின் செய்திகள் தாலமஸ் என்ற இடைநிலையத்தின் வழியாக மூளையின் மேற்பகுதிக்குச் செல்கின்றன. மூக்கின் செய்தியோ அங்கே நிற்காமல், உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகளை நேரே எட்டுகிறது. முதல் மழையில் நனைந்த செம்மண் வாசனை எந்த ஊரில் அடித்தாலும் எனக்கு ஆலங்காயத்துச் சந்தை நினைவுக்கு வருவது இதனால்தான்.

நீங்கள் மூன்று ஆண்டு வாழ்ந்த ஊர் உங்கள் மூளையில் வரையப்பட்டிருக்கிறது. புறப்படும்போது அந்த வரைபடம் உங்களோடு வருகிறது. நடந்து பார்க்கத் தரைதான் இல்லை. வருத்தம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

ஒரு காலத்தில் இந்த வருத்தத்தை நோய் என்றே கருதினார்கள். 1688இல் சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்து மருத்துவ மாணவர் யோகன்னஸ் ஹோஃபர், வீட்டு ஏக்கத்தால் இளைத்துப் போகிறவர்களைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். கிரேக்க மொழியில் 'வீடு திரும்புதல்', 'வலி' என்ற இரு சொற்களைச் சேர்த்து 'நாஸ்டால்ஜியா' என்ற பெயரையும் சூட்டினார். இன்று அது நோய்ப் பட்டியலில் இல்லை. நலமான மனத்துக்கும் இயல்பாக வரக்கூடிய உணர்ச்சி என்றே கொள்கிறோம்.

மாநிலக் கல்லூரியிலிருந்து ஒரு கப்பல் பயணம்

இப்போது உண்மையான ஒரு மாணவரின் கதைக்கு வருவோம். 1930ஆம் ஆண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பட்டம் முடித்த 19 வயது இளைஞர் ஒருவருக்குக் கேம்பிரிட்ஜில் படிக்க அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

போக ஆசைதான். ஆனால் தாயார் சீதாலட்சுமி அம்மாள் கடும் நோயில் படுத்திருந்தார். இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்த படிப்பாளி அவர். மகனுக்கோ தயக்கம். போனால் மறுபடி அம்மாவைப் பார்ப்போமா? அதே கல்லூரியில் இயற்பியல் படித்த லலிதா என்ற மாணவியின் நட்பையும் பிரிய வேண்டும். உறவினர் சிலர் போக வேண்டாம் என்றார்கள். தாயாரே முன்னின்று அவரைப் போகச் சொன்னார். 1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு தாயார் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார்.

மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவான அந்தக் கடற்பயணத்தில் அவர் என்ன செய்தார்? கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, வெண்குறுமீன் என்ற நிலையை அடையும். வானில் மிகப் பிரகாசமாகத் தெரியும் சிரியஸ் விண்மீனுக்கு இப்படி ஒரு துணை உண்டு. சூரியனின் நிறை கொண்டது. பருமனோ பூமி அளவுதான்! அவ்வளவு நெருக்கத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும். ஆகவே ஐன்ஸ்டீனின் சார்பியலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று சந்திரசேகர் கண்டார். விடை அவரையே திகைக்க வைத்தது. குறிப்பிட்ட ஒரு நிறைக்கு மேல் எந்த விண்மீனும் வெண்குறுமீனாக நிலைத்திருக்க முடியாது! இன்று நாம் ஏற்கும் அளவு சூரியனைப் போலச் சுமார் 1.4 மடங்கு. இதற்கு 'சந்திரசேகர் எல்லை' என்று பெயர். விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றிய அவருடைய ஆய்வுகளுக்காக 1983இல் நோபல் பரிசு வந்தது.

துக்கம் இருந்ததால்தான் அவர் சாதித்தார் என்று சொல்ல வரவில்லை. துக்கம் இருந்தபோதே கணக்கும் நடந்தது. வரைபடத் தாளில் இரண்டு அச்சுகள் என்று சொன்னேன் அல்லவா? இதோ, ஒரே கப்பலில் இரண்டும்! 1936இல் அவர் சென்னைக்கு வந்து லலிதாவை மணந்துகொண்டார்; வாழ்வையும் ஆராய்ச்சியையும் அமெரிக்காவில் அமைத்துக்கொண்டார்.

போய்த் திரும்பிய ஒருவர்

போகிறவர்கள் எல்லாரும் அங்கேயே தங்கிவிடுவார்களா? அப்படியும் இல்லை. வைணு பாப்பு 1927இல் சென்னையில் பிறந்து, ஐதராபாதில் வளர்ந்தவர். அவருடைய தந்தை அங்கே நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். நிஜாம் கல்லூரியில் படித்துவிட்டு, பாப்பு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். 1949இல் ஒரு புதிய வால்மீனையே கண்டுபிடித்தார். பெரிய தொலைநோக்கிகள் உள்ள நாட்டில் இருந்துவிட்டிருக்கலாம். 1953இல் இந்தியா திரும்பினார். 1960இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். விண்மீன்களை ஆராய இருண்ட வானம் உள்ள ஓர் இடத்தைத் தேடியபோது அவர் தேர்ந்தெடுத்தது எங்கள் சவ்வாது மலைக் காவலூர்!

1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு காவலூர் தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிய வந்தபோது, அதற்குச் சான்று பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. நம் நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி பாப்புவின் பெருங்கனவு. அது முடிவதைப் பார்க்காமலே 1982இல் அவர் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வானாய்வகத்துக்கும் அந்தத் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

ஒருவர் போய் அங்கேயே இருந்தார். ஒருவர் போய்த் திரும்பினார். இரண்டில் எது சரி என்று கேட்பதில் பொருளில்லை.

கட்டை விரல் பாடம்

"எல்லாம் சரி சார், போவதால் ஊர் நமக்குத் தூரமாகிவிடுகிறதே?" என்றாள் மாணவி. அவளை ஒரு சிறு சோதனை செய்யச் சொன்னேன். நீங்களும் செய்து பாருங்கள்.

கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்துங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, விரல் எந்தப் பொருளை மறைக்கிறது என்று பாருங்கள். இப்போது வலது கண்ணை மூடி, இடது கண்ணால் பாருங்கள். விரல் இடம் மாறிவிட்டது போலத் தோன்றுகிறதல்லவா? இதற்கு 'இடமாறு தோற்றம்' என்று பெயர். பார்க்கும் இடம் மாறினால் அருகில் உள்ள பொருள் பின்னணியை விட்டு நகர்ந்தது போலத் தெரியும். எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து அதன் தூரத்தைக் கணக்கிடலாம்.

விண்மீன்களுக்கும் இதே முறைதான். ஆனால் நம் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரம் அதற்குப் போதாது. இன்று ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை பார்க்க வேண்டும். அதற்குள் பூமி தன் பாதையின் மறுபக்கத்துக்குச் சென்றிருக்கும். அந்த இரு இடங்களுக்கும் இடையே சுமார் 30 கோடி கிலோமீட்டர்! 1838இல் ஜெர்மானிய அறிஞர் பெஸ்ஸல் இப்படித்தான் சிக்னஸ் மண்டலத்தின் 61ஆம் விண்மீனுடைய தூரத்தை அளந்தார். அது ஏறக்குறைய 11 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதாக இன்று அறிகிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே இடத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தால் அந்தத் தூரம் தெரிந்திருக்காது. நகர்ந்து போய்ப் பார்த்ததால்தான் தெரிந்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் ஒருவகை இடமாறு தோற்றம்தான். நான் ஆலங்காயத்தில் இருந்தவரை அது ஓர் ஊர், அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டில் முதுநிலை படிக்கச் சென்னைக்குப் போய், இரவில் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். விரல் விட்டு எண்ணும் அளவுக்கே விண்மீன்கள்! தெருவிளக்குகளின் ஒளி காற்றில் உள்ள தூசியிலும் மூலக்கூறுகளிலும் பட்டுச் சிதறி, வானத்தையே வெளுக்க வைத்திருந்தது. எங்கள் ஊரில் எத்தனை பெரிய செல்வம் தலைக்கு மேல் கிடந்தது என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அந்த நாட்களில் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். வருத்தப்படுவது கோழைத்தனம் என்று எண்ணி, ஊரையே நினைக்காமல் இருக்க முயன்றேன். எனக்கு வானத்தைக் காட்டிக் கொடுத்த பள்ளி ஆசிரியருக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்று தோன்றும். எழுதினால் அழுகை வரும் என்று தள்ளிப் போட்டேன். அடுத்த கோடையில் ஊருக்குப் போனபோது அவர் இல்லை. நெடுக்கச்சை அழித்துவிட்டால் கிடையச்சு நீளும் என்று நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.

முஷ்டியால் ஊரை அளக்கலாம்

புறப்படும் முன் நீங்கள் ஒரு வேலை செய்யலாம். கையை நன்றாக நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகையை மறைக்கும். வடக்கே துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த உயரம் ஏறக்குறைய உங்கள் ஊரின் அட்சரேகைக்குச் சமம். காவலூரில் சுமார் 12½ பாகை: ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகம். டெல்லியில் கிட்டத்தட்ட 29 பாகை: மூன்று முஷ்டி. கேம்பிரிட்ஜில் 52 பாகை: ஐந்து முஷ்டிக்கும் மேல்.

வடக்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் உயரும். தெற்கு வானம் தாழும். பிப்ரவரி மாத இரவில் 9 மணி அளவில் தெற்கே பார்த்தால் அகத்திய நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். எங்கள் மலையில் அது 25 பாகை வரை உயரும். டெல்லியில் 9 பாகைதான். கேம்பிரிட்ஜில் அது உதிப்பதே இல்லை. இளைஞர் சந்திரசேகர் அங்கே சிரியஸைப் பார்த்திருக்க முடியும். சென்னையில் அதற்குக் கீழே ஒளிர்ந்த அகத்தியரை மட்டும் பார்த்திருக்க முடியாது. ஓர் ஊரை விட்டுப் போனால் சில நம்முடன் வரும், சில அடிவானத்துக்குக் கீழே போகும். போனவை அழிந்துவிடவில்லை; நாம் நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

இதைச் சொல்லி முடித்தபோது தேநீர் ஆறிப் போயிருந்தது. மற்ற மாணவர்கள் வண்டியில் ஏறிக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்கள். அவள் கடைக்கு வெளியே வந்து, வடக்குப் பக்கம் கையை நீட்டி முஷ்டியை மடக்கினாள். கடை விளக்கின் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மேலே அளந்துவிட்டு வந்திருக்கலாம், சார்" என்றாள். மறுநாளே இடத்தை ஏற்றுக்கொள்வதாக எழுதிவிட்டாள்.

பிப்ரவரியில் டெல்லியிலிருந்து அவள் கடிதம் வந்தது. கடிதம்தான், காகிதத்தில் எழுதியது. "துருவ நட்சத்திரம் மூன்று முஷ்டி, சரியாக இருக்கிறது. அகத்தியரைத்தான் காணோம். தெற்கே ஒரே புகைமூட்டம். விடுமுறையில் வரும்போது ஆலங்காயத்தில் இறங்கி, மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேதாரண்யத்துக்குப் போவேன். இங்கே ஆய்வுக்கூடம் ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாள்.

இந்த முறை நான் தள்ளிப் போடவில்லை. அன்றே பதில் எழுதினேன்.